எஞ்சிய நஞ்சை அளக்கும் எடைக்கல்

சந்தையில் நெல் வாங்குவோர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இருக்கின்றதா என்பதையும் பார்க்கின்றனர். தராசு எவ்வளவு நேர்த்தியானதாயினும் கல் குறைவுடையதாயின் நிறுவை பொய்யாகும். பொன் வேலையிலும் இதுவே முறை. பொற்கொல்லரிடம் பொன்னைக் கொடுப்பவர், அதிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அத்துண்டிற்கு 'மச்சம்' என்று பெயர். நகை முடிந்து வந்தபின், நகையையும் மச்சத்தையும் உரைகல்லில் உரைத்து, இரு கோடுகளின் மாற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மச்சம் கையில் இல்லாதவர் பொன் குறைந்தது என்று வழக்காடினால் அவ்வழக்கு நிற்பது அரிது.

இன்றைய ரசாயனச் சோதனைச்சாலைகளுக்கும் இத்தகைய எடைக்கல்லும் மச்சமும் தேவையாகின்றன. பாலிலும் மீனிலும் மண்ணிலும் கலந்துள்ள நஞ்சு எவ்வளவு என்று கூறும் சோதனைச்சாலை, எதனோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறுகின்றது? இவ்வினாவிற்கு விடையாக அமைவனவே 'ஒப்பளவுப் பொருள்கள்'. அவற்றைக் குறித்தும், தீத்தடுப்பிற்காகப் பயன்படும் புரோமின் கூட்டுப் பொருள்களின் எச்சத்தை அளப்பதில் அவை ஆற்றும் பணியைக் குறித்தும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று உழவர்கள் ஒதுக்கிவிடலாகாது. இதன் அருமையை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று, ஒரு மாட்டுத் தொழுவத்தில்தான் தொடங்கியது.

தீயைத் தடுக்கும் பொருள்கள்

புரோமின் என்பது கடல்நீரிலும் உப்பு நீர் ஊற்றுகளிலும் கிடைக்கும் ஒரு மூலப்பொருள். புரோமின் அணுக்கள் பல சேர்ந்த சில கரிமக் கூட்டுப் பொருள்களைப் பிளாஸ்டிக்கிலோ மெத்தை நுரையிலோ கலந்துவிட்டால், அவை எளிதில் தீப்பற்றுவதில்லை. சூடு ஏறியதும் புரோமின் வெளிப்பட்டு, சுடர் தொடர்ந்து பரவுவதற்குக் காரணமான ரசாயன வினையை இடையில் அறுத்துவிடுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டியின் உறை, கணிப்பொறியின் உறை, மின்கம்பி உறை, இருக்கை மெத்தை ஆகியவற்றில் இவை பெருமளவில் உபயோகிக்கப்பட்டன. பாலிபுரோமினேற்ற பைஃபீனைல், பாலிபுரோமினேற்ற டைஃபீனைல் ஈதர், ஹெக்ஸாபுரோமோசைக்ளோடோடெக்கேன் ஆகியன இவ்வினத்தில் முக்கியமானவை. இவற்றுள் முதலதைப் 'பி.பி.பி.' என்றும், இரண்டாவதைப் 'பி.பி.டி.ஈ.' என்றும் சுருக்கமாக வழங்குவர்.

இப்பொருள்களுக்கு எது குணமோ அதுவே குற்றமாகவும் முடிகின்றது. சூட்டையும் அமிலத்தையும் தாங்கி அழியாமல் நிற்கும் பொருள், மண்ணிலும் உடலிலும் அவ்வாறே அழியாமல் நிற்கும். இவற்றுள் பல நீரில் கரைவதில்லை. கொழுப்பிலோ எளிதாகக் கரைகின்றன. ஆகவே ஒரு பசுவின் உடலில் இவை புகுந்தால் சிறுநீரோடு வெளியேறுவதில்லை. கொழுப்பில் தங்கி, பாலின் வெண்ணெயோடு வெளிவருகின்றன. கோழியாயின் முட்டையின் மஞ்சட்கருவில் சேருகின்றன. மேலும் இவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கோடு ரசாயன முறையில் பிணைக்கப்படாமல் வெறுமனே கலக்கப்பட்டவையாதலின், நாளடைவில் கசிந்து வீட்டுத் தூசியிலும் சாக்கடைக் கசடிலும் ஆற்று மண்ணிலும் சேர்ந்துவிடுகின்றன.

மிச்சிகனில் நேர்ந்த விபரீதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் ராஜ்யம் பால் வளத்தில் சிறந்தது. அங்குள்ள செயின்ட் லூயிஸ் என்னும் ஊரில் மிச்சிகன் கெமிக்கல் கார்ப்பரேஷன் என்னும் கம்பெனி இரண்டு பொருள்களைத் தயாரித்து வந்தது. ஒன்று 'ஃபயர்மாஸ்டர்' என்னும் தீத்தடுப்புப் பொருள், அது பி.பி.பி. வகையைச் சேர்ந்தது. மற்றொன்று 'நியூட்ரிமாஸ்டர்' என்னும் பெயருடைய மக்னீசியம் ஆக்ஸைடு. அது கறவை மாடுகளின் தீவனத்தில் சேர்க்கப்படுவது. இரு பெயர்களும் ஒத்த ஒலி உடையன. வழக்கமாக அச்சிட்டு வைத்திருந்த பைகள் தீர்ந்துபோகவே, சாதாரணப் பழுப்புக் காகிதப் பைகளில் பொருளின் பெயரை மட்டும் குறித்து அனுப்பினர். 1973-ஆம் ஆண்டில் தீவனச் சரக்கோடு தீத்தடுப்புப் பொருளின் பைகள் சிலவும் தவறுதலாகத் தீவன ஆலைக்குச் சென்றுவிட்டன. ஆலையில் அவற்றை மக்னீசியம் ஆக்ஸைடு என்றே கருதித் தீவனத்தில் கலந்து, ராஜ்யம் முழுவதும் விற்றனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் பசுக்கள் தீவனம் எடுக்க மறுத்தன. கறவை திடீரெனக் குன்றியது. சில பசுக்களுக்குக் குளம்புகள் அளவிற்கு மீறி வளர்ந்தன, சினை கலைந்தது. ரசாயனப் பொறியியல் கற்றிருந்த ஒரு பால் பண்ணை உழவர் தம் தீவனத்தின்மீது சந்தேகம் கொண்டு, பல ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரி அனுப்பினார். வழக்கமான சோதனைகள் யாவும் செய்யப்பட்டன. பூச்சிமருந்து இல்லை, பூஞ்சை நஞ்சு இல்லை, உலோக நஞ்சும் இல்லை. 'குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை' என்ற பொருளிலேயே விடைகள் வந்தன. இதற்கிடையில் பாலும் இறைச்சியும் முட்டையும் கடைகளுக்குச் சென்றுகொண்டே இருந்தன.

அயோவா ராஜ்யத்தின் ஏம்ஸ் நகரிலுள்ள தேசியக் கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில், வாயு நிறப்பிரிகைக் கருவி வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடியபோது, ஏதோ ஒரு கனமான பொருள் இருப்பதன் அடையாளம் புலப்பட்டது. அது தாமதமாக வெளிவரும் பொருளாதலின் சாதாரணச் சோதனையில் தெரியாமற்போயிற்று. ஆனால் அது என்ன பொருள் என்பதை எவரும் கூறக்கூடவில்லை. 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மேரிலாந்து ராஜ்யத்தின் பெல்ட்ஸ்வில் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஃப்ரைஸ் என்னும் விஞ்ஞானி அதனைப் பி.பி.பி. என்று அடையாளம் கண்டார். அவர் முன்னரே அப்பொருளைக் குறித்து ஆய்வு நிகழ்த்தி, அதன் இயல்பை அறிந்திருந்தவர்.

விளைந்த நஷ்டம் அளப்பரியது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள் விலக்கி வைக்கப்பட்டன. சுமார் 30,000 மாடுகளும், 4,500 பன்றிகளும், 1,500 ஆடுகளும், 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன. மக்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் இப்பொருள் சேர்ந்தது. அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிப்பதற்காக 1976-ஆம் ஆண்டில் ஒரு பதிவேடு தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் எமரி பல்கலைக்கழகம் அதனை ஏற்று நடத்தலாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பி.பி.பி.யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பெரிதும் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்துள்ளது.

இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் யாது? கருவிகள் இருந்தன, கற்றோரும் இருந்தனர். எனினும் காணப்பட்டதை எதனோடு ஒப்பிடுவது என்பது தெரியாமையால் பல மாதங்கள் வீணாயின. அறியாத பொருளை, அறிந்த பொருளோடு வைத்து நோக்கினாலன்றி அடையாளம் காணல் இயலாது.

ஒப்பளவுப் பொருள் என்பது யாது?

தன்னுள் இன்ன பொருள், இவ்வளவு இருக்கின்றது என்று நன்கு ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டு, அவ்வுறுதியைச் சான்றிதழாகத் தாங்கி வரும் பொருளே ஒப்பளவுப் பொருள். புரோமின் எச்சச் சோதனைக்குரியனவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தூய பொருள். பி.பி.பி. என்பது ஒரே பொருளன்று. புரோமின் அணுக்களின் எண்ணிக்கையும் அவை அமரும் இடமும் மாறுவதால் 209 உருவங்கள் உண்டு, பி.பி.டி.ஈ.க்கும் அவ்வாறே 209 உருவங்கள். ஒவ்வொன்றிற்கும் எண் இட்டுள்ளனர். மிச்சிகனில் மிகுதியாகக் காணப்பட்டது 153-ஆம் எண்ணுடையது. எந்த உருவத்தைத் தேடுகின்றோமோ, அதன் தூய மாதிரி கையில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, அளவு குறித்த கரைசல். தூய பொருளைத் துல்லியமாக நிறுத்து, தக்க திரவத்தில் கரைத்து, சிறு கண்ணாடிக் குப்பிகளில் உருக்கி அடைத்து வைப்பர். வெளிச்சம் பட்டால் இவற்றுள் சில சிதைவுறும். குறிப்பாக 10 புரோமின் அணுக்களையுடைய பி.பி.டி.ஈ. விரைவில் சிதையும். ஆதலின் பழுப்பு நிறக் குப்பியில், குளிர்ந்த இருட்டிடத்தில் வைத்துக் காப்பர்.

மூன்றாவது, அடையாளமிட்ட பொருள். இதில் சாதாரணக் கரி அணுவிற்குப் பதிலாகச் சற்றே கனமான கரி அணு அமைந்திருக்கும். மற்றெல்லா இயல்பிலும் இரண்டும் ஒன்றே. பெருமந்தையில் கலந்துவிட்ட ஆட்டைச் சூட்டுக்குறியால் அடையாளம் காண்பதுபோல, கருவி இவ்விரண்டையும் எடையினால் பிரித்தறிந்துவிடும்.

நான்காவது, இயற்கைப் பொருளிலேயே அமைந்த மாதிரி. மீன், பால், வீட்டுத் தூசி, பிளாஸ்டிக் முதலிய பொருளாகவே இருந்து, அதனுள் எச்சம் எவ்வளவு என்று சான்று பெற்றது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் மிச்சிகன் ஏரி மீனின் தசையையும், வீட்டுத் தூசியையும் இவ்வகையில் தயாரித்து வழங்கியுள்ளது. பெல்ஜியம் நாட்டின் கீல் நகரிலுள்ள ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையம், புரோமின் பொருள்கள் கலந்த பிளாஸ்டிக் மணிகளைத் தயாரித்துள்ளது. நம் நாட்டிலும் புது டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம், 'பாரதீய நிர்தேஷக் திரவ்ய' என்ற பெயரில் பல துறைகளுக்கான ஒப்பளவுப் பொருள்களுக்கு வழி செய்து வருகின்றது.

தயாரிக்கும் முறை

இதனைத் தயாரிப்பது எளிய காரியமன்று. மீன் தசையாயின், அதனை உறையவைத்து, நுண்ணிய தூளாக அரைத்து, நன்கு கலந்து, நூற்றுக்கணக்கான குப்பிகளில் அடைப்பர். முதல் குப்பியிலும் இடைக் குப்பியிலும் கடைசிக் குப்பியிலும் உள்ளது ஒன்றுபோலவே இருக்கின்றதா என்பது அடுத்த சோதனை. ஒரே மூட்டையின் அடிநெல்லும் மேல்நெல்லும் வேறுபட்டால் மாதிரி நெல்லை நம்புவது எப்படி? பின்னர், மாதங்கள் பல சென்றாலும், வெப்பம் மாறினாலும் அளவு மாறாமல் நிற்கின்றதா என்று பார்ப்பர். இறுதியாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளாலோ, பல சோதனைச்சாலைகளின் உதவியாலோ எச்சத்தின் அளவை நிர்ணயிப்பர்.

சான்றிதழில் ஒரே ஓர் எண் மட்டும் இராது. 'ஒரு கிராமில் 70 அலகு. கூடினும் குறையினும் 4 அலகு' என்பது போன்று, ஐயத்தின் எல்லையும் குறிக்கப்பட்டிருக்கும். இது குறைபாடன்று, நேர்மையின் அடையாளமே ஆகும். இத்தகைய பொருள்களைத் தயாரிப்போர் பின்பற்றவேண்டிய விதிகள் ஐ.எஸ்.ஓ. 17034 என்னும் சர்வதேசத் தரத்திலும், சோதனைச்சாலைகளுக்குரிய விதிகள் ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் தரத்திலும் வகுக்கப்பட்டுள்ளன.

சிறு பிழையும் பெரு நஷ்டமும்

மிச்சிகன் நிகழ்ச்சிக்குப்பின், பால் கொழுப்பிலும் இறைச்சிக் கொழுப்பிலும் பத்து லட்சத்தில் 1 பங்கு வரை இருக்கலாம் என்று 1974 மே மாதத்தில் வரம்பு வகுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அதனை 0.3 பங்காகக் குறைத்தனர். 1977-இல் மிச்சிகன் சட்டசபை, கழிக்கப்படும் கறவை மாடுகளின் உடற்கொழுப்பிற்கு 0.02 பங்கு என்று மேலும் குறைத்துச் சட்டம் இயற்றியது.

0.3 பங்கு என்பது எவ்வளவு சிறிது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு 4 பங்கு கொழுப்புள்ள பாலில் 25 கிலோ எடுத்தால் அதில் கொழுப்பு 1 கிலோ. அக்கொழுப்பில் 0.3 மில்லிகிராம் இருந்தால் வரம்பைத் தொட்டுவிட்டது. இவ்வளவு நுண்ணிய அளவில் பிழை நேர இரண்டு வழிகள் முக்கியமானவை.

ஒன்று, பிரித்தெடுப்பதில் ஏற்படும் இழப்பு. மாதிரியிலிருந்து எச்சத்தைத் திரவத்தால் வாங்கி, கொழுப்பை அமிலத்தால் நீக்கி, பிறகே கருவியில் இடுகின்றனர். இடையில் 100-க்கு 30 பங்கு இழப்பு ஏற்பட்டு, அதனைச் சோதிப்பவர் அறியாதிருந்தால், உண்மையில் 0.4 பங்கு உள்ள பால் 0.28 என்றே காட்டும். வரம்பைக் கடந்த பால் நல்ல பால் ஆகிவிடும். அடையாளமிட்ட பொருளை முதலிலேயே 10 அலகு சேர்த்து, முடிவில் 7 அலகு மட்டும் எஞ்சக் கண்டால், மற்றதும் அதே விகிதத்தில் இழந்தது என்று அறிந்து திருத்திக்கொள்ளலாம்.

மற்றொன்று, ஒப்பளவுக் கரைசலே கெடுதல். சரியாக மூடாத குப்பியில் 10 மில்லி கரைசல் ஆவியாகி 8 மில்லியாகச் சுருங்கினால், அதன் செறிவு ஒன்றேகால் மடங்காகும். அதனைப் பழைய செறிவாகவே எண்ணிக் கணக்கிட்டால், 0.35 பங்குள்ள பாலும் 0.28 என்று வரும். எடைக்கல் கனத்துவிட்டது, ஆகவே சரக்கு இலேசாகத் தோன்றுகின்றது! அளவு சான்று பெற்ற மீனையோ பாலையோ அவ்வப்போது அதே முறையில் சோதித்து, சான்றிதழின் எண்ணோடு ஒத்து வருகின்றதா என்று பார்க்கும் சோதனைச்சாலை, இவ்விரு பிழைகளையும் உடனே கண்டுகொள்ளும்.

இங்கு ஓர் உழவரின் வாழ்வே அடங்கியிருக்கின்றது. கோடு 0.3-இல் இடப்பட்டிருக்கையில், ஒரு பக்கம் நிற்பவரின் மந்தை அழிக்கப்படும். மறுபக்கம் நிற்பவரின் பால் விற்பனைக்குச் செல்லும். கோட்டிற்குச் சற்றுக் கீழே இருந்த மிச்சிகன் உழவர் பலர், தம் மாடுகளும் நோயுற்றன என்று முறையிட்டும் உதவி பெறாது வருந்தினர். எண் சரியாக இல்லையேல் நீதியும் சரியாக இராது.

நம் நாட்டுச் சட்டங்கள்

நிலைத்து நிற்கும் கரிம மாசுகளைக் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், 2009-ஆம் ஆண்டில் ஹெக்ஸாபுரோமோபைஃபீனைலும் பி.பி.டி.ஈ. வகைகள் சிலவும் ஒழிக்கத்தக்க பொருள்களாகச் சேர்க்கப்பட்டன. அவ்வுடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. இவ்வினப் பொருள்களுள் சிலவற்றைத் தயாரிப்பதையும் விற்பதையும் உபயோகிப்பதையும் இந்திய அரசாங்கம் 2018-ஆம் ஆண்டு விதிகளால் தடை செய்தது. 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, புதிய மின்னணுச் சாதனப் பொருள்களில் பி.பி.பி.யோ பி.பி.டி.ஈ.யோ நூற்றுக்கு 0.1 பங்கிற்கு மேல் இருத்தலாகாது. அஃதாவது 1 கிலோ பிளாஸ்டிக்கில் 1 கிராம். இவ்விதிகளை நிறைவேற்றுவதும் சோதனையைப் பொறுத்ததே. சோதனையோ ஒப்பளவுப் பொருளைப் பொறுத்தது.

ஊராட்சியும் உழவரும் செய்யத்தக்கவை

புதிய பொருள்களுக்குத் தடை வந்துவிட்டபோதிலும் பழைய சாதனங்கள் இன்னும் கழிவாக வந்துகொண்டிருக்கின்றன. செம்புக் கம்பிக்காக அவற்றை ஊருக்கு வெளியே எரிப்பது மிகவும் தீங்கானது. எரியும்போது புரோமின் சேர்ந்த டையாக்சின் முதலிய கொடிய பொருள்கள் உண்டாகின்றன. ஊராட்சி மன்றங்கள் இதனை அனுமதிக்கலாகாது. கழிவை அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தல் வேண்டும். எரித்த இடத்தில் மாடு மேய்வதையும் கோழி கிளறுவதையும் தடுத்தல் அவசியம்.

தீவனம் வாங்குவோர் பையின் மேலுள்ள பெயர், தொகுதி எண், தேதி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று. பெயர் தெளிவில்லாத பையைத் திருப்பிவிடல் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கைப்பிடித் தீவனத்தைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, சீட்டு ஒட்டி, வெயில் படாத இடத்தில் சில மாதங்கள் வைத்திருக்கலாம். இது உழவரின் மச்சம். மந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் சோதனைக்குச் சான்றாக நிற்பது அதுவே. புரோமின் எச்சத்தைச் சோதிக்க அனுப்பும் மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் இடலாகாது. பையிலிருந்தே அப்பொருள் கலந்துவிடக்கூடும்.

சோதனைச்சாலையிடம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. இச்சோதனைக்கு அச்சாலை அங்கீகாரம் பெற்றுள்ளதா? எந்த ஒப்பளவுப் பொருளோடு ஒப்பிடப்பட்டது? பிரித்தெடுப்பதில் எவ்வளவு கிடைத்தது? அறியக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு? அறிக்கையில் 'காணப்படவில்லை' என்று இருந்தால், அறவே இல்லை என்று பொருளன்று. அம்மிகக் குறைந்த அளவிற்கு மேல் இல்லை என்பதே பொருள். மேலும், தேடிய பொருளைப் பற்றி மட்டுமே அறிக்கை பேசும். தேடாத பொருளைப் பற்றி அது ஏதும் கூறுவதில்லை. ஆதலின் மாதிரியோடு, மாடுகளுக்கு என்ன நேர்ந்தது, தீவனம் என்று மாறியது, அருகில் என்ன எரிக்கப்பட்டது என்பனவற்றையும் எழுதி அனுப்புதல் வேண்டும்.

முத்திரை இல்லாத எடைக்கல்லைக் கண்டால் நம் மக்கள் சந்தையில் கேள்வி கேட்கத் தயங்குவதில்லை. சோதனை அறிக்கையைக் கையில் வாங்கும்போதும் அதே விழிப்போடு கேட்பார்களாயின், மந்தைக்கும் மக்களுக்கும் நேரும் கேடு பலவற்றை முளையிலேயே கண்டு தவிர்த்தல் கூடும்.